பட்டாவில் இல்லாத பேர்

ஊரு வளருது, மனை விலை ஏறுது என்று சேலத்திலும் நாமக்கல்லிலும் பேசாத ஆள் இல்லை. பைபாஸ் வந்தால் ஏறும், பஸ் ஸ்டாண்டு வந்தால் ஏறும், காலேஜ் வந்தால் ஏறும். ஏறட்டும். யாருக்கு ஏறுது என்பதுதான் நமது கேள்வி. நம்ம பக்கத்துப் பேச்சில் ஊரு வேறு, வளவு வேறு. ஊரு வளர்ந்தால் வளவும் சேர்ந்து வளரும் என்று நம்புவதற்கு இருநூறு வருச வரலாற்றில் ஆதாரம் இல்லை. நிலத்துக்கு விலை வைப்பது ரோடு என்கிறார்கள். ரோடு மட்டுமில்லை. பத்திரத்தில் யார் பேர் இருக்கிறது என்பதும்தான்.

கதை நம்ம மண்ணிலேயே தொடங்குகிறது. 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்தான் தாமஸ் மன்றோ. காடு தோட்டம் எல்லாம் அளந்து, தரம் பிரித்து, தீர்வை கட்டுகிறவனோடு சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் முறையை இங்கேதான் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ரயத்துவாரி என்று பின்னால் மாகாணம் முழுக்கப் பரவியது அதுதான். விவசாயிக்கு உரிமை கொடுத்த ஏற்பாடு என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் ஏர் பிடித்தவன், கவலை ஓட்டினவன், பண்ணையத்தில் வருசக் கூலிக்குக் கிடந்த மாதாரி, பறையர் சனம் அந்தக் கணக்கில் எங்கே? தீர்வை கட்டுகிறவன் பேருக்குத்தான் பட்டா. உழைத்தவன் பேர் எழுதப்படவில்லை. நிலம் ஒரு சரக்காக மாறும் முன்பே, அதை விற்கும் உரிமை யாருக்கு என்று இப்படி முடிவாகிவிட்டது.

நூறு வருசம் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் நிலம் இல்லாத கொடுமை மட்டுமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத கொடுமையும் பேசப்படுகிறது. குடிசை போட்ட இடம் மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்பான். வீடே விலங்கு. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையால் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சேலம் ஜில்லா உட்பட மாகாணம் முழுக்கக் கொடுக்கப்பட்ட இந்தப் பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் நஷ்டஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவை நிபந்தனைகள்.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. கல்யாணச் செலவுக்கும் எழவுச் செலவுக்கும் வாங்கின கடன், வட்டிக்கு வட்டி, கடைசியில் வெள்ளைப் பேப்பரில் ஒரு கைநாட்டு. 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்து முடிந்த யு.டி.ஆர். என்கிற நிலப்பதிவேடு திருத்தம் மிச்ச வேலையை முடித்தது. பல இடங்களில் பழைய பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு புதுப் பதிவேட்டில் ஏறவில்லை. அனுபவத்தில் இருந்தவன் பேர் ஏறியது. அன்றிலிருந்து அது சாதாரணப் பட்டா நிலம். அதில்தான் நாளைக்கு மனை பிரிப்பார்கள்.

'வளர்ச்சி' என்ற சொல் பெரிசாக நம்ம பக்கம் வந்தது உருக்காலையோடு. 1970இல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியது. கஞ்சமலை அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கப்பட்டது. அன்றைக்கு இருந்தது வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் வருசத்து நிலமெடுப்புச் சட்டம். சர்வே நம்பரில் பேர் இருந்தால் பணம். அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாகக் களை வெட்டினவளுக்கு அந்தச் சட்டத்தில் பணமும் இல்லை, மாற்று வேலையும் இல்லை. அவள் இழந்ததை இழப்பு என்று எழுதவே அதில் பத்தி கிடையாது.

நமக்கென்று சட்டம் வரவில்லையா என்றால், வந்தது. 1971இல் குடியிருப்பு மனையை அதில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம். 1978இல் ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலமெடுக்கும் தனிச்சட்டம். இன்றைக்கு நாம் பார்க்கும் காலனிகள் பல அந்த வழியில் வந்தவை. உருக்காலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுத்தபோது அது தேசத்துக்கு. வளவுக்கு ரெண்டு ஏக்கர் எடுத்தால் அது அநியாயம் என்று நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்து, 1978 சட்டம் செல்லும் என்று தொண்ணூறுகளின் நடுவில் தீர்ப்பானது. அப்படியும் நமக்குக் கிடைத்தது ரெண்டு மூணு சென்ட் நிபந்தனைப் பட்டா. அதைச் சுலபத்தில் விற்க முடியாது, அடமானம் வைத்துப் பேங்க்கில் கடன் வாங்க முடியாது. நிபந்தனை நம் பாதுகாப்புக்குத்தான், மறுக்கவில்லை. அது இல்லையென்றால் இந்த மூணு சென்ட்டும் போயிருக்கும். ஆனால் பாதுகாப்பை மட்டும் கொடுத்துவிட்டு முதலீட்டுக்கு வழி செய்யாத அரசு, ஏழையைப் புரோக்கர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவன் 'பவர் எழுதிக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்' என்கிறான்.

1997 சனவரி முதல் தேதி நாமக்கல் தனி மாவட்டமானது. லாரிப் பட்டறையும் கோழிப்பண்ணையும் பள்ளிக்கூடமும் பெருகின. இரண்டாயிரத்துக்குப் பிறகு அன்றைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை, இன்றைய நாற்பத்து நாலு, நான்கு வழியானது. ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட வளவுகள் பல, இப்போது பார்த்தால் பைபாஸ் ஓரம். தீட்டு என்று ஒதுக்கின மேட்டாங்காடு சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது. விலை ஏறியதும் நம்மைத் தேடி வருகிறார்கள், வாங்குவதற்கு. நாம் வாங்கப் போனால் கதை வேறு. சேலத்தில் நான் ஒரு மனை பார்க்கப் போனேன். கிழக்குப் பார்த்த சைட், தண்ணி நல்ல தண்ணி என்று அரை மணி நேரம் பேசினவர், 'தம்பி எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?' என்று கேட்டார். சொன்னேன். அந்த மனைக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிவிட்டதாக அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. சீட்டுப் பிடித்து, தவணை கட்டி, குறைந்த விலைக்கு மனை வாங்கின கூலிக்காரர்கள்தான் அதில் தவித்துப்போனார்கள். பிரித்து விற்றவன் எப்போதோ லாபத்தோடு போய்விட்டான். பஞ்சமி நிலத்தில் போட்ட மனை என்றால் இன்னும் மோசம். தலித் அல்லாதவருக்கு விற்றது செல்லாது என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. தெரியாமல் வாங்கினவரும் ஏமாந்தவர், பறிகொடுத்தவரும் ஏமாந்தவர். நடுவில் நின்றவன் மட்டும் ஏமாறவில்லை.

2018இல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலை வந்தது. 277 கிலோமீட்டர். தோட்டத்தில் கல் நட்டார்கள், தென்னை வைத்த சம்சாரிகள் மண்ணில் விழுந்து அழுதார்கள். கல் நட்ட காட்டை எவன் வாங்குவான்? எடுப்பு முடியும் முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பேரை மாற்றிவிட்டார்கள். 2019 ஏப்ரல் 8இல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்து, பேரைத் திரும்ப எழுது என்றது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் சாலைக்கான அறிவிக்கையைச் செல்லும் என்றாலும், பேர் மாற்றியதை ஏற்கவில்லை. அந்தப் போராட்டம் நியாயமானது. நாமும் அதில் நின்றோம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அழித்த பேரைத் திரும்ப எழுதச் சொல்ல ஒரு கோர்ட் இருந்தது. எழுதவே படாத பேரை எந்தக் கோர்ட் திரும்ப எழுதும்? நிலமெடுப்பால் பிழைப்பை இழக்கும் விவசாயக் கூலிக் குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் முதல்முறையாகச் சொல்கிறது. மூணு வருசம் அங்கே வேலை செய்தோம் என்று காட்ட வேண்டும். வேலை வாங்கினவன் அதற்கு எழுதிக் கொடுப்பானா?

1994 அக்டோபர் 10இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். அவர்கள் கேட்டது புது நிலம் இல்லை. 1892இல் எழுதிக் கொடுத்ததை.

சேலம், நாமக்கல் மாவட்டத் தோழர்கள் செய்ய வேண்டிய வேலை தாலுகா ஆபீசில் இருக்கிறது. யு.டி.ஆருக்கு முந்தின செட்டில்மெண்ட் பதிவேட்டையும் இப்போதைய அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மனை வாங்குகிற நம் பிள்ளைகளும் இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கிராமம் கிராமமாக, சர்வே நம்பர் சர்வே நம்பராக எழுதி வையுங்கள். அடுத்த ரோட்டுக்குக் கல் நடுவதற்கு முன்னால் அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.