நிறைவெண்: சொல்லும் எண்ணும்

3,35,50,336. இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள், அதை விட்டுவிட்டு எண்ணினால், 25. அவை அத்தனையையும் கூட்டினால் மறுபடி 3,35,50,336 வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட எண்ணைத் தமிழில் நிறைவெண் என்கிறோம்; செவ்விய எண் என்றும் எழுதுவார்கள். எனக்கு நிறைவெண்தான் பிடிக்கும். நிறைகுடத்து நீர்போலக் குறையாமலும் வழியாமலும் நிற்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

யூக்ளிட் இதற்கு இட்ட பெயர் ‘தெலெயோஸ்’. ‘தெலோஸ்’ என்றால் கிரேக்கத்தில் முடிவு, சேரவேண்டிய இலக்கு. இலக்கைச் சேர்ந்து முழுமை பெற்றது தெலெயோஸ். அதை உண்டாக்கும் வழியையும் அவரே சொன்னார்: 1, 2, 4, 8 என்று இரட்டித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கூட்டுத்தொகை பகா எண்ணாக அமைந்தால், கடைசியாகச் சேர்த்த எண்ணால் அதைப் பெருக்க வேண்டும். 1+2+4=7; 7×4=28.

கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த நிக்கோமாக்கஸ் எண்களையே மூன்று சாதியாக்கினார். வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணை மிஞ்சினால் மிகையெண். அவருக்கு அது பல கைகள் முளைத்த விலங்கு. குறைந்தால் குறைவெண், ஒற்றைக்கண் பிராணி. நடுவே நிறைவெண், அழகும் அறமும் கூடியது. லத்தீனில் போயித்தியஸ் இதை ‘பெர்ஃபெக்டுஸ்’ ஆக்கினார். முற்றச் செய்து முடித்தது என்று பொருள்.

இவ்வளவு அழகான பெயர் இருந்தால் எண்களும் ஒழுங்காக வரிசையில் நிற்கும் என்று நம்பத் தோன்றும். நிக்கோமாக்கஸ் அறிந்தவை 6, 28, 496, 8128. ஓரிலக்கத்தில் ஒன்று, ஈரிலக்கத்தில் ஒன்று. கடைசி இலக்கம் 6, 8 என மாறி மாறி வரும். இது பல நூற்றாண்டுகள் விதியாகவே ஓதப்பட்டது. ஆனால் 8128-க்கு அப்பால் இரட்டித்துக் கூட்டிப் பாருங்கள்: 255, 511, 1023, எதுவும் பகா எண் இல்லை. 2047 ஆசை காட்டும், அதுவும் 23×89. 4095-உம் கைவிடும். 8191-க்கு வந்தால்தான் பகா எண் கிடைக்கும். அதை 4096-ஆல் பெருக்கினால் நாம் தொடங்கிய 3,35,50,336. ஐந்து, ஆறு, ஏழு இலக்கங்களில் நிறைவெண்ணே இல்லை!

13-ஆம் நூற்றாண்டில் இப்னு ஃபல்லூஸ் இந்த ஐந்தாவதைச் சரியாகக் குறித்தார். ஐரோப்பியச் சுவடியில் அது 15-ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. ஆறாவது நிறைவெண் 858,98,69,056. ஐந்தாவதைப் போலவே 6-இல் முடிந்து, மாறி மாறி வரும் என்ற விதியையும் உடைத்தது. ஆயினும் இரட்டைப்படை நிறைவெண் எதுவானாலும் 6-இலோ 8-இலோதான் முடியும். நிக்கோமாக்கஸ் சொன்னதில் அந்தப் பாதி நிலைத்தது. ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண்ணாவது உண்டா என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.