கச்சேரி ஒலிநாடாக்களும் ரசிகர் சேகரிப்பும்

கச்சேரி ஒலிநாடாக்கள் என்பவை சபா மேடை, கோயில் திருவிழா, திருமண வீடு, வானொலி ஆகிய இடங்களில் நிகழ்ந்த இசை நிகழ்ச்சிகளை நிகழும்போதே பதிவு செய்தவை. இசைத்தட்டு நிறுவனங்கள் விற்பனைக்காகத் தனியே பாடவைத்து வெளியிட்ட பதிவுகளிலிருந்து இவை வேறுபட்டவை. தமிழகத்தில் 1950களிலிருந்து இவற்றைப் பதிந்து, படியெடுத்து, பரிமாறிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இசையைத் தொழிலாகக் கொள்ளாத ரசிகர்கள். 20ஆம் நூற்றாண்டுக் கர்நாடக இசையின் மேடை வரலாற்றில் பெரும்பகுதியை இன்று காதால் கேட்டு அறிய முடிவது அவர்களது உழைப்பால்தான். ஒலிநாடா வருவதற்கு முன் மறைந்த கலைஞர்களின் மேடைப்பாட்டு என்னவாயிற்று என்பதற்குச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா சான்று.

கிட்டப்பாவும் மூன்று நிமிடத் தட்டும்

எஸ். ஜி. கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25 அன்று செங்கோட்டையில் பிறந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. சிறுவனாக இருந்தபோதே நாடக மேடை ஏறிய கிட்டப்பா, உச்ச சுருதியில் தடையின்றி ஓடும் குரலுக்காகப் புகழ் பெற்றார். இலங்கையில் நாடகம் நடத்தச் சென்றபோது கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் இருவரும் சேர்ந்து நடித்ததைக் காணப் பெருங்கூட்டம் கூடியது. 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் கிட்டப்பா காலமானார்.

அந்நாளைய நாடகம் இரவு தொடங்கி விடியும்வரை நடக்கும். பாட்டுப் பிடித்துவிட்டால் கூட்டம் "ஒன்ஸ் மோர்" என்று குரல் கொடுக்கும். நடிகர் அதே பாட்டை மீண்டும் எடுத்து, முன்பு போகாத வழியில் விரித்துப் பாடுவார். ஒரே நாடகத்தின் ஒரே பாட்டு ஓர் ஊரில் ஐந்து நிமிடமும் மற்றோர் ஊரில் அரைமணியும் நீளலாம். கிட்டப்பாவின் புகழ் இத்தகைய மேடையில் வளர்ந்தது.

அவர் குரல் இன்று இசைத்தட்டுகளில் மட்டுமே கிடைக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். தேவாமிருதவர்ஷிணி ராகத்தில் அமைந்த தியாகராஜர் கீர்த்தனையையும் வள்ளலாரின் திருவருட்பாவையும் அவர் பாடிய தட்டுகள் தலைமுறை கடந்து கேட்கப்படுகின்றன. அவற்றிலும் பல்லவியைத் தொட்டு, பிருகாக்களைக் காட்டி, தட்டு முடிவதற்குள் நிறுத்த வேண்டிய அவசரம் தெரியும். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. ஆயினும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே அவரது மேடை இசையின் ஓர் இரவுகூட ஒலியாக எஞ்சவில்லை.

எழுத்தில் மட்டும் நின்ற கச்சேரிகள்

ஒலிநாடா இல்லாத காலத்தில் கச்சேரியைப் பதிவு செய்தது பேனாதான். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய விமரிசனங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. யார் எங்கே பாடினார், கூட்டம் எப்படி இருந்தது என்பனவற்றை அவை வழியே அறியலாம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் கல்கியும் 1940களில் தமிழிசைக்காக வாதாடியபோது, அவர்கள் எந்தப் பாட்டுகளைக் கேட்டு அப்படி எழுதினார்கள், பேசினார்கள் என்பதையும் எழுத்திலிருந்தே அறிகிறோம். ஆனால், "ராகத்தை விஸ்தாரமாகப் பாடினார்" என்ற வாக்கியத்திலிருந்து அந்த விஸ்தாரத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

வானொலியும் ஒலிச்சுருளும்

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938லும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939லும் தொடங்கின. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1943இல் தனக்கென ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. 1952இல் சனிக்கிழமை இரவு ஒலிபரப்பாகும் அகில பாரத இசை நிகழ்ச்சியும் 1954இல் வானொலி சங்கீத சம்மேளனமும் வந்தன. திருநெல்வேலி நிலையம் 1963இல் தொடங்கியது. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரிகளும் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாயின. சபாவுக்குப் போக முடியாத சிற்றூர் ரசிகருக்கும் முழுக் கச்சேரி வீட்டுக்குள் வந்தது. ஆனால் ஒலிபரப்பு முடிந்ததும் அது காற்றோடு போயிற்று.

இந்நிலையை மாற்றியது காந்த ஒலிநாடா. 1930களில் ஜெர்மனியில் உருவான இக்கருவி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் உலகெங்கும் பரவியது. தமிழகத்தில் வசதி படைத்த சில வீடுகளில் கிரண்டிக், பிலிப்ஸ் போன்ற ஸ்பூல் டேப் ரிக்கார்டர்கள் இடம்பெற்றன. 1,200 அடி நாடா விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் 32 நிமிடமும், 3¾ அங்குல வேகத்தில் 64 நிமிடமும் ஓடும். மெதுவாக ஓட்டினால் நாடா மிச்சம், ஆனால் ஒலித்தெளிவு குறையும். பதிவு செய்யும் ரசிகர் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது.

வானொலி நிலையங்களுக்கும் நாடா விலை உயர்ந்த பொருள்தான். பழைய பதிவை அழித்து அதே சுருளில் புதியதைப் பதிவது உலகெங்கும் நிலையங்களின் வழக்கமாக இருந்தது. அதனால் சில ஒலிபரப்புகள் வீட்டில் பதிந்து வைத்த நேயரிடம் மட்டும் எஞ்சின.

ஒரே பாட்டு, பல கச்சேரி

ஒரு பாட்டின் இசைத்தட்டு இருக்கும்போது அதே பாட்டுக்குப் பத்துக் கச்சேரிப் பதிவுகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். கர்நாடக இசையில் கீர்த்தனையின் சொல்லும் மெட்டும் பெரும்பாலும் நிலையானவை. ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் ஆகியவை மனோதர்மத்தைச் சேர்ந்தவை. அவை மேடையில் அந்த நிமிடத்தில் உருவாகின்றன. அன்றைய உடல்நலம், பக்கவாத்தியக்காரரின் பதில், முன்வரிசையில் இருப்பவரின் தலையசைப்பு எல்லாம் அவற்றைப் பாதிக்கும்.

மதுரை மணி ஐயர் (1912–1968) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவரது இசையை இன்றைய தலைமுறை அறிவது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள் வழியாகத்தான். பாபநாசம் சிவனின் மோகன ராகக் கீர்த்தனையான 'காபாலி'யை அவர் பல மேடைகளில் பாடினார். பாட்டு ஒன்றே. ஸ்வரம் பாடும் இடத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டுமானம் எழுகிறது. இரண்டு மூன்று பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, அவர் எதை மனத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார், எதை அங்கேயே கண்டுபிடித்தார் என்பது புலப்படும். ஜி. என். பாலசுப்ரமணியம் (1910–1965) இளமையில் கொடுத்த தட்டுகளுக்கும் பிற்காலக் கச்சேரி நாடாக்களுக்கும் இடையே அவரது பாணி எவ்வாறு மாறியது என்பதையும் இதே முறையில் ஒப்பிடலாம்.

நாகசுரத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டு ஊரெங்கும் ஒலித்தது. அதே தோடியை அவர் கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசித்தவர். அவருடைய சீடரும் நெல்லைச் சீமையின் பெருமையுமான காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) 'கொஞ்சும் சலங்கை' திரைப்படம் வழியாகப் பொதுமக்களிடம் புகழ் பெற்றார். திருவிழாவிலும் கல்யாணத்திலும் அவர் வாசித்தபோது பதிவான நாடாக்களில் தவிலின் வீச்சும் கூட்டத்தின் ஆரவாரமும் சேர்ந்து கேட்கும். கூடத்துப் பதிவில் இவை கிடைப்பதில்லை.

பரிமாற்ற முறை

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், 1970களின் பிற்பகுதியிலிருந்து தமிழக நடுத்தர வீடுகளுக்கு வந்தது. ஸ்பூல் வைத்திருந்த ஒருவரிடமிருந்து பலர் படியெடுக்க முடிந்தது. இரண்டு டேப் ரிக்கார்டர்களைக் கம்பியால் இணைத்து, மூன்று மணிநேரக் கச்சேரியை மூன்று மணிநேரமும் உட்கார்ந்து படியெடுப்பது வழக்கம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம் ஓடும். பக்கம் திருப்பும் நேரத்தில் ராகத்தின் நடுப்பகுதி சில விநாடி போய்விடும். இன்று கிடைக்கும் பல பதிவுகளில் காணப்படும் திடீர் வெட்டுகளுக்கு இதுவே காரணம்.

இந்தப் பரிமாற்றம் பெரும்பாலும் பண்டமாற்றாக நடந்தது. தன்னிடம் இல்லாததைப் பெற்று, மற்றவரிடம் இல்லாததைக் கொடுப்பது முறை. விலைக்கு விற்பதை நல்ல சேகரிப்பாளர்கள் இழிவாகக் கருதினர். வெளிநாடு சென்ற தமிழர்களுடன் கேசட்டுகளும் பயணம் செய்தன. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடியது. ஆகவே மூலத்துக்கு அருகிலுள்ள படி எது என்று தேடுவதும் சேகரிப்பின் ஒரு பகுதியாயிற்று. இணையம் வந்தபின் சங்கீதப்ரியா போன்ற தன்னார்வ அமைப்புகள், விற்பனைப் பதிவுகளை விலக்கி, கச்சேரிப் பதிவுகளை இலவசமாகக் கேட்க வழி செய்தன.

நாளும் இடமும் அறிதல்

பல நாடாக்களின் உறையில் பாடகர் பெயர் மட்டுமே இருக்கும். சில உறைகளில் அதுவும் தவறாக இருக்கும். காலத்தைக் கணிக்க ரசிகர்கள் பின்பற்றும் வழிகள் வரலாற்று ஆய்வுக்கு ஒப்பானவை. முதலில் பக்கவாத்தியம் யார் என்று நாதத்தைக் கொண்டு அறிவர். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தையும் லால்குடி ஜெயராமனின் வில்லையும் பழகிய காது எளிதில் இனம் காணும். அந்தக் குழு சேர்ந்து வாசித்த கச்சேரிகளைப் பழைய அழைப்பிதழ்களிலும் பத்திரிகைகளிலும் தேடுவர். வானொலிப் பதிவாயின் அறிவிப்பாளரின் சொற்கள் துணை செய்யும்.

அடுத்தது வேகம். நாடா ஆறு விழுக்காடு வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும். ஒன்றரைக் கட்டையில் பாடுபவர் இரண்டு கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். பாடகரின் வழக்கமான சுருதியைத் தெரிந்தவர் இதைத் திருத்திவிடலாம். திருத்தாமல் விட்டால், பாடகரின் குரலையும் காலப்பிரமாணத்தையும் பின்வருவோர் தவறாக மதிப்பிடுவர்.

அமெரிக்காவில் ஓர் ஒப்புமை

மேலைநாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு கலிபோர்னியாவில் 1965இல் தோன்றிய 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழு. மேடையிலேயே பாட்டை நீட்டி விரித்து வாசிக்கும் இத்தகைய குழுக்களை 'ஜாம் பேண்ட்' என்பர். 1995இல் ஜெர்ரி கார்சியா மறைந்து குழு கலையும்வரை சுமார் 2,300 நிகழ்ச்சிகளை நடத்தினர். ரசிகர்கள் ஒலிவாங்கியோடு வந்து பதிவு செய்வதைக் குழுவினர் தடுக்கவில்லை. 1984இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினர். விற்கக் கூடாது, பரிமாறலாம் என்பது விதி. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த அவர்களது நிகழ்ச்சி, ரசிகர்கள் படிமேல் படியாகப் பரப்பியதால் புகழ் பெற்றது. பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது.

இரண்டு இசைகளும் வேறு. ஆனால் ஒவ்வொரு மேடையிலும் மாறும் இசை, அம்மாற்றத்தைக் கூர்ந்து கேட்கும் ரசிகர், காசு வாங்காத பரிமாற்றம் ஆகிய மூன்றும் பொதுவானவை. முக்கிய வேறுபாடு அனுமதி. அமெரிக்கக் குழு வெளிப்படையாக இசைவு தந்தது. தமிழகத்தில் சில வித்வான்கள் மகிழ்ந்து அனுமதித்தனர், சிலர் மறுத்தனர், சில பதிவுகள் அவர்கள் அறியாமலே நடந்தன.

கலைஞரின் உரிமை

மறுத்தவர்களுக்கும் காரணம் உண்டு. தொண்டை சரியில்லாத ஒருநாள் பாடியது காலமெல்லாம் ஒலிப்பதை எந்தக் கலைஞரும் விரும்பமாட்டார். உழைப்பு அவருடையது, வருமானம் வேறொருவருக்கு என்ற நிலையும் நேரலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம், நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது உரிமை அளித்தது. 1999இல் அதன் காலம் 50 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. சொந்தப் பயனுக்கும் கல்வி, ஆய்வுக்கும் பதிவு செய்வதைச் சட்டம் விலக்கி வைத்துள்ளது. வீட்டில் கேட்பதும் பொதுவில் வெளியிடுவதும் ஒன்றல்ல என்பதைச் சேகரிப்பாளர் உணர வேண்டும்.

அழிவும் பாதுகாப்பும்

நாடாக்கள் நிலையானவை அல்ல. பழைய அசிடேட் நாடா புளிக்காடி வாடை வீசி, சுருங்கி நொறுங்கும். பிற்கால நாடாக்கள் சிலவற்றில் பூச்சு பிசுபிசுத்துக் கருவியில் ஒட்டும். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் பூஞ்சை படரும். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்குப் பழுதற்ற ஸ்பூல் கருவி கிடைப்பது அரிது. சேகரித்தவர் காலமானபின் அவர் வீட்டுப் பெட்டிகள் பழைய பொருளாகக் கழிக்கப்படுவதும் நேர்கிறது. சென்னை மியூசிக் அகாதெமியின் எண்மக் கேட்பகமும், 1982இல் தொடங்கப்பட்டு குர்கானில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகமும் இத்துறையில் பணியாற்றும் நிறுவனங்கள்.

பழைய நாடாக்கள் உள்ள குடும்பத்தினர் அவற்றை முதலில் பழைய கருவியில் போட்டுப் பார்க்காதிருப்பது நல்லது. பலமிழந்த நாடா அந்த ஒரே ஓட்டத்தில் அறுந்துவிடலாம். பயிற்சி உள்ளவரிடம் கொடுத்து எண்மப்படுத்தியபின் மூலத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். உறையில் எழுதிய ஒவ்வொரு சொல்லையும், அந்த வீட்டுப் பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்லும் ஊர், கோயில், திருமணம், பக்கவாத்தியம் ஆகிய விவரங்களையும் உடனே குறித்துவைக்க வேண்டும். நாடாவிலிருந்து இசையை மீட்கத் தொழில்நுட்பம் இருக்கிறது. எந்த ஊரில் எந்த நாளில் யார் வாசித்தது என்று சொல்ல, அதைக் கேட்டவர்கள் உயிரோடு இருக்க வேண்டும்.