காக்கும் தீ

அழல் என்றால் தீ. அழற்சி என்ற மருத்துவச் சொல் அதனின்று பிறந்தது. காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, நோகிறது. இந்நான்கு குறிகளையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமானியராகிய செல்ஸஸ் தம் மருத்துவ நூலில் எழுதி வைத்தார். ஆனால் அத்தீயை மூட்டுவது எது என்பதை அறிய மனிதனுக்குப் பத்தொன்பது நூற்றாண்டுகள் ஆயின.

இக்கேள்வி என் இல்லத்திலும் ஒரு நாள் எழுந்தது. என் தாயார் முடக்குவாதத்தால் வருந்தினார். நாள்தோறும் வாசலில் கோலமிட்ட கை, காப்பித் தம்ளரைப் பற்றவும் இயலாமல் வீங்கிப்போயிற்று. புதிய ஊசி மருந்து ஒன்றைத் தொடங்கலாம் என்ற மருத்துவர், “அதற்கு முன் அம்மாவுக்குக் காசநோய்ச் சோதனை செய்தாக வேண்டும்” என்றார். மூட்டு நோவுக்கும் காசநோய்க்கும் என்ன உறவு? அதை அறியப் புகுந்தபோது நான் கண்ட வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். கையில் புற்று தோன்றிய ஓர் இளம்பெண்ணை அவரால் காப்பாற்ற இயலவில்லை. அத்துயரத்தில் மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்தில் பெருங்கட்டியுடன் கிடந்த ஒருவர், கிருமியால் கடுங்காய்ச்சல் கண்ட பின் கட்டி மறைந்து வீடு திரும்பிய செய்தி அதில் இருந்தது. கோலி 1891-ஆம் ஆண்டில் தாமே அக்கிருமிகளை நோயாளிகளின் உடலில் செலுத்தினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலரோ காய்ச்சலால் மாண்டனர். காரணம் யாதென்று அவரால் சொல்ல இயலவில்லை.

காரணம் மெல்ல மெல்லவே வெளிப்பட்டது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு அறிஞர்கள், வைரஸ் தாக்கிய உயிரணுக்கள் ஒரு பொருளைச் சுரந்து மற்ற உயிரணுக்களைக் காப்பதைக் கண்டு, அதற்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டனர். உயிரணுக்கள் தம்முள் செய்தி அனுப்பிக்கொள்ளும் இத்தகைய புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்ற பொதுப்பெயர் 1974-இல் வழங்கலாயிற்று. அழற்சித் தீயை மூட்டுபவை இவற்றுள் சிலவே.

1975-இல் நியூயார்க்கில் லாயிட் ஓல்டும் அவருடைய தோழர்களும், காசநோய்த் தடுப்பூசிக்கு உரிய பி.சி.ஜி. கிருமியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். பின்னர் வேறொரு பாக்டீரியாவின் நச்சையும் செலுத்தினர். அவ்வெலிகளின் குருதிநீரில் கட்டிகளை அழிக்கும் பொருள் ஒன்று இருந்தது. அதுவே கட்டி நசிவுக் காரணி. கோலியின் புதிர் ஒருவாறு விளங்கியது.

அதே நகரில் ஆந்தனி செராமி வேறொரு கேள்வியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய்கண்ட விலங்குகள் எலும்பும் தோலுமாக இளைத்துப்போவது ஏன்? இளைக்கச் செய்யும் பொருளை 1985-இல் அவரும் புரூஸ் பியூட்லரும் பிரித்தெடுத்தனர். வியப்பென்னவெனில், கட்டியை அழித்த பொருளும் உடலை உருக்கிய பொருளும் ஒன்றே! 1987-இல் பபூன் குரங்குகளுக்கு அப்பொருளைத் தடுக்கும் எதிர்ப்பொருளை முன்னரே செலுத்தியபோது, கொல்லத்தக்க அளவு கிருமிகள் குருதியில் கலந்தும் அவை பிழைத்தன. கிருமியினும் கடுமையாக உடலைத் தாக்கியது உடலே மூட்டிய தீ என்பது தெளிவாயிற்று.

முடக்குவாதத்தில் இத்தீ மூட்டுகளில் அணையாது எரிகிறது. லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற இருவரும் 1992-இல் இக்காரணியைத் தடுக்கும் எதிர்ப்பொருளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வீக்கமும் வலியும் விரைவில் தணிந்தன. 1990-களின் இறுதியில் இம்முறை மருந்துகள் வழக்கிற்கு வந்தன.

ஆனால் 2001-இல் ஓர் எச்சரிக்கை வெளியாயிற்று. இம்மருந்து பெற்றவர்களுள் எழுபது பேருக்குக் காசநோய் கண்டதாக அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தனர். நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வெள்ளணுக்கள் மதில் கட்டி அடைத்து வைக்கின்றன. அம்மதில் இடியாமல் காப்பது இதே காரணிதான். அதைத் தடுத்தால் மதில் சரிகிறது. சிறைப்பட்ட கிருமி வெளியேறுகிறது.

எங்கள் மருத்துவரின் சொல்லுக்குப் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோதனையில் என் தாயாரின் உடலில் கிருமி உறங்குவது தெரிந்தது. முதலில் அதற்கு மருந்து தந்து, பின்னரே ஊசியைத் தொடங்கினர். மார்கழியில் அவர் மீண்டும் கோலமிட்டார், சிறு கோலந்தான்.

2020-இல் உலகைச் சூழ்ந்த கோவிட் நோயிலும் இவ்வுண்மையே வெளிப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில், அழற்சியைத் தணிக்கும் டெக்ஸாமெதாசோன் என்ற மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கோ அது நன்மை செய்யவில்லை.

மாணவ நண்பர்களே! அடுப்பில் இருக்கும் தீ சோறு சமைக்கிறது; கூரையில் ஏறினால் வீட்டையே எரிக்கிறது. தீயோ ஒன்றுதான். அதை முற்றும் அணைத்துவிட்டால் குளிரில் வாடுவோம். எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்கக் கற்றதே இந்த நூறாண்டு ஆராய்ச்சியின் பயன். அக்கேள்வியை ஒரு மருத்துவர் மறவாமல் கேட்டமையால் என் தாயார் பிழைத்தார் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.