ஸ்கோப்பில் ஒரு 'க்ளிக்'... டார்கெட்டில் எத்தனை சென்டிமீட்டர்? வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க!

2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷனில் வெண்கலம் வென்றார். அந்த டார்கெட்டில் 10 பாயின்ட் வட்டத்தின் அகலம் வெறும் 10.4 மில்லிமீட்டர். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. துளை வழியே குறிபார்க்கும் 'பீப் சைட்'தான். ஆனாலும் திருகித் திருகி, 'க்ளிக்' கணக்கில்தான் அதையும் சரிசெய்யணும். ஸ்கோப்பிலும் இதே கதைதான்.

எம்.ஓ.ஏ-வா, மில்லா?

இரண்டுமே கோண அளவுகள். ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு, 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் அது சுமார் 2.9 செ.மீ. 'மில்' என்பது மில்லிரேடியன். 100 மீட்டரில் 10 செ.மீ. தோலின் தடிமனை எம்.எம்-ல் பேசும் ஆம்பூர், அணைக்கட்டு நண்பர்களே, 'மில்' என்றால் மில்லிமீட்டர் இல்லை!

ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு நகரும்?

100 மீட்டரில்:

* 1/8 எம்.ஓ.ஏ: 3.6 மி.மீ
* 1/4 எம்.ஓ.ஏ: 7.3 மி.மீ
* 0.1 மில்: 10 மி.மீ

தூரம் 10 மடங்கானால் இதுவும் 10 மடங்கு. 1,000 மீட்டரில் 0.1 மில் க்ளிக் என்பது 10 செ.மீ.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஸ்கோப் வைத்துச் சுடும் 'எஃப்-கிளாஸ்' போட்டியில், 1,000 கஜ டார்கெட்டின் நடு வட்டம் 5 இன்ச், அதாவது 12.7 செ.மீ. அங்கே 1/4 எம்.ஓ.ஏ க்ளிக்கே 6.6 செ.மீ நகர்த்திவிடும், வட்டத்தில் பாதி! அதனால் அங்கே 1/8 எம்.ஓ.ஏ நல்லது. ஒரே தூரத்தில் நின்று நுணுக்கமாகச் சுடுபவர்களுக்கு இதுதான் சரி.

அடிக்கடி தூரம் மாறுகிறதா? 0.1 மில் அல்லது 1/4 எம்.ஓ.ஏ போதும். 10 மில் ஏற்ற 0.1-ல் 100 க்ளிக்; 0.05-ல் 200. எண்ணும்போது தப்பு வர வாய்ப்பும் அதிகம். 0.1 மில்லில் உங்களுக்கு வேண்டிய புள்ளி இரண்டு க்ளிக்குக்கு நடுவில் விழுந்தாலும், 1,000 மீட்டரில் அதிகபட்ச விலகல் 5 செ.மீ-தான். காற்று தள்ளுவது பல நேரம் அதைவிட அதிகம்.

இதை மறக்காதீங்க

டர்ரெட்டும் உள்ளே தெரியும் கோடுகளும் ஒரே அளவில் இருக்கணும். கோடு மில், திருகு எம்.ஓ.ஏ என்றால் ஒவ்வொரு முறையும 3.44-ஆல் பெருக்கணும். விலை குறைவென்று இப்படி வாங்கினால், ரேஞ்சில் தலைவலிதான்.

கடைசியாக ஒன்று: இதெல்லாம் பேப்பர் டார்கெட்டுக்கு மட்டும். ஜவ்வாது மலைப் பக்கம் பறவை, விலங்கு என்று குறிவைத்தால், 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உங்களைக் குறிவைக்கும்!