கேமராவில் மைக், லைட் பொருத்துவது எப்படி? நிகாஹ், பயான் பதிவு செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

நம் வீடுகளில் இருக்கும் நிகாஹ் வீடியோக்களில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள். மாப்பிள்ளையின் மாலை, பந்தல் அலங்காரம், விருந்து என எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஈஜாப், கபூல் சொல்லும் அந்த அரை நிமிடத்தில் மின்விசிறியின் இரைச்சலும், பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களின் குரலும்தான் கேட்கும். சாட்சிகள் தம் காதால் கேட்க வேண்டிய சொற்கள் அவை. நிகாஹ்வே அந்தச் சொற்களில்தான் நிறைவேறுகிறது. "சரியாகப் பதியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று யாரிடமும் கேட்க முடியாது.

துவாக்குடி போன்ற ஊர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. சிட்கோ தொழிற்பேட்டைக்கு வந்துபோகும் லாரிகளின் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு விலை உயர்ந்த கேமரா தீர்வல்ல. கேமராவின் லென்ஸ் தூரத்தில் இருப்பதை ஜூம் செய்து அருகில் கொண்டுவரும். அதிலுள்ள மைக்கால் அப்படிச் செய்ய முடியாது. எனவே இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மைக், பேசுபவரை நோக்கி நெருங்க வேண்டும். லைட், லென்ஸை விட்டு விலக வேண்டும். கீழே நாம் சொல்லும் எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கும்.

எங்கே பொருத்துவது?

ஹேண்டிகேம், டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் போன்ற கேமராக்களின் தலையில் 'ப' வடிவத்தில் ஒரு சிறிய உலோகத் தடம் இருக்கும். இதைத்தான் ஷூ என்கிறார்கள். மின் இணைப்பு இல்லாமல் வெறுமனே தாங்கி நிற்பது கோல்டு ஷூ. நடுவில் மின்முனைகள் உள்ளது ஹாட் ஷூ. புகைப்படக் கேமராவில் ஃபிளாஷ் போன்ற துணைக்கருவிகளை மாட்டுவதற்காக வந்த அமைப்பு இது. இதன் அகலம் சுமார் 18.6 மில்லிமீட்டர் என்று உலக அளவில் தரப்படுத்தப்பட்டிருப்பதால், எந்த நிறுவனத்தின் மைக்கும் லைட்டும் பெரும்பாலும் இதில் நுழைந்துவிடும்.

சில கேமராக்கள் விதிவிலக்கு. சோனி 2012-ல் கொண்டுவந்த மல்டி இன்டர்ஃபேஸ் ஷூவில் பொதுவான மைக்கும் லைட்டும் மாட்டலாம். அதற்கு முந்தைய சோனி ஹேண்டிகேம்கள் பலவற்றிலும், கேனானின் மினி அட்வான்ஸ்டு ஷூ உள்ள கேம்கார்டர்களிலும் தடத்தின் வடிவமே வேறு. அவற்றுக்கு இடையில் மாட்டும் அடாப்டர் தேவை. வாங்கும் முன் கேமராவைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. செல்போனில் எடுப்பவர்கள், ஷூ வைத்த போன் கிளாம்ப் வாங்கிக்கொள்ளலாம்.

கேமராவின் தலையில் இருப்பது ஒரே ஒரு ஷூதான். அதில் மைக், லைட் இரண்டையும் அடுக்கினால் எடை ஒரு பக்கம் சாயும். சிறிய ஹேண்டிகேம்களின் மேல்பகுதி பிளாஸ்டிக். பெரிய பேட்டரி மாட்டிய எல்இடி லைட்டை அதில் ஏற்றினால் நாளடைவில் விரிசல் விடும். இதற்கு எளிய தீர்வு, கேமராவின் அடியில் மாட்டும் பட்டை, அதாவது பிராக்கெட்.

பட்டறையில் செய்துகொள்ளும் பட்டை

பிராக்கெட் கடையில் கிடைக்கும். ஆனால் துவாக்குடிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை 1960-களில் வந்ததைத் தொடர்ந்து, இந்த வட்டாரம் முழுக்க ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெருகின. அலுமினியப் பட்டையை வெட்டித் துளை போட்டு, தேவைப்பட்டால் 'ட' வடிவில் வளைத்துத் தருவது அவர்களுக்குச் சில நிமிட வேலை.

25 மில்லிமீட்டர் அகலம், 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனம், 25 சென்டிமீட்டர் நீளம் உள்ள அலுமினியப் பட்டை போதும். நடுவில் கேமராவுக்கு ஒரு துளை, ஒரு முனையில் மைக்குக்கு, மறுமுனையில் லைட்டுக்கு. டிரைபாடில் மாட்ட நடுத்துளைக்குப் பக்கத்தில் இன்னொன்று. துளைகள் 6.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். முனைகளில் மாட்டத் தனி கோல்டு ஷூக்கள் கேமராக் கடைகளில் கிடைக்கும். பட்டையின் ஓரங்களை அரத்தால் தேய்த்துவிடுங்கள். கேமராவுக்கும் பட்டைக்கும் இடையில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு ரப்பரை வைத்தால் கேமரா திரும்பாது, கீறலும் விழாது.

போல்ட் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. கேமராவின் அடியில் உள்ள துளை கால் இஞ்ச் அளவு, இஞ்சுக்கு 20 மரை. ஹார்டுவேர் கடையில் சட்டென்று எடுத்துத் தருவது 6 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டாகத்தான் இருக்கும். அது பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும், இரண்டு சுற்று நுழையவும் செய்யும். ஆனால் மரை இடைவெளி வேறு என்பதால், இறுக்கினால் கேமராவின் மரை கெட்டுவிடும். "கால் இஞ்ச் போல்ட், 20 மரை" என்று கேட்டு வாங்குங்கள். பட்டைக்கு மேலே 5 மில்லிமீட்டருக்கு மேல் போல்ட் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீண்டால் கேமராவின் உள்ளே இடிக்கும். பெரிய டிரைபாடுகளிலும் மைக் ஸ்டாண்டுகளிலும் 3/8 இஞ்ச், 16 மரை என்ற அளவும் புழக்கத்தில் உண்டு. இரண்டையும் இணைக்கும் சிறிய புஷ் கிடைக்கிறது.

மைக்: தூரம்தான் எல்லாம்

திறந்த வெளியில் மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால், குரல் 6 டெசிபல் குறையும். 30 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 3 மீட்டருக்குத் தள்ளினால் 20 டெசிபல் போய்விடும். ஆனால் சுற்றியிருக்கும் இரைச்சல் குறையாது, அப்படியே இருக்கும். தூரத்தில் எடுத்த வீடியோவில் குரலைவிட மின்விசிறி ஓங்கி ஒலிப்பதற்கு இதுதான் காரணம்.

கேமராவின் மேல் மாட்டும் நீளமான கன் மைக், பக்கவாட்டுச் சத்தங்களை ஓரளவு தள்ளிவிட்டு நேர் எதிரில் வருவதை எடுக்கும். உள்மைக்கைவிட நிச்சயம் மேல். ஆனால் எதிரொலி உள்ள மண்டபத்தில் அதன் பலன் குறைவு. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் எதிரிலிருந்து வந்து சேரும். ரப்பர் வளையத்தில் தொங்கும் தாங்கி உள்ள மைக்காகப் பார்த்து வாங்குங்கள். கேமராவைத் தொடும், திருப்பும் சத்தம் அதில் இறங்காது. வெளியில் எடுப்பதாக இருந்தால் பஞ்சு உறை மட்டும் போதாது, காற்றைத் தடுக்கும் ரோம உறையும் வேண்டும்.

இதே கன் மைக்கை நீட்டிப்பு கேபிள் போட்டு ஒரு சிறிய ஸ்டாண்டில் வைத்துப் பேசுபவரின் முன்னே நகர்த்தினால், பலன் பல மடங்கு கூடும். பயான் செய்பவருக்குக் காலர் மைக் சிறந்தது. வாயிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையின் நடுவில் குத்துங்கள். துண்டு, சால்வை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிகாஹ்வில் மாப்பிள்ளை, வலீ, நிகாஹ் நடத்தி வைப்பவர் மூவரும் நெருங்கி அமர்வார்கள். ஒருவர் சட்டையில் குத்துவதைவிட, மூவருக்கும் நடுவில் குட்டி ஸ்டாண்டில் ஒரு மைக் வைப்பது எல்லார் குரலையும் எடுக்கும்.

பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேரடியாகக் கேபிள் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் அங்கிருந்து வரும் ஒலியின் வலு, கேமராவின் மைக் துளை தாங்கும் அளவைவிட மிக அதிகம். இடையில் வலுவைக் குறைக்கும் பேடு போடாவிட்டால் குரல் கரகரவென்று உடையும். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள், கேமராவே போய்விடும். அனுமதி பெற்று, பள்ளி மைக்கின் பக்கத்திலேயே உங்கள் மைக்கையும் நிறுத்துவது எளிது.

இணைப்பில் தவறுவது எங்கே?

முதலில், உங்கள் கேமராவில் வெளி மைக் மாட்டும் துளை இருக்கிறதா? விலை குறைந்த ஹேண்டிகேம்கள் பலவற்றில் அது கிடையாது. இருந்தால் அது 3.5 மில்லிமீட்டர் அளவாக இருக்கும். அதில் மாட்டும் பின்னில் கறுப்பு வளையம் இரண்டு இருக்க வேண்டும். செல்போனுக்கான காலர் மைக்கில் மூன்று வளையங்கள் இருக்கும். அதைக் கேமராவில் மாட்டினால் சத்தம் பதியாமலே போகலாம். மாற்றும் அடாப்டர் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று கால் எக்ஸ்எல்ஆர் பின் உள்ள ஸ்டுடியோ மைக்குகள் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை. சாதாரண கேமரா அதைத் தராது.

வயர்லெஸ் மைக்குகள் பெரும்பாலும் வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றன. மனித உடல் இந்த அலையைத் தடுக்கும். மைக்குக்கும் கேமராவுக்கும் நடுவில் ஆட்கள் நின்றால் குரல் விட்டு விட்டு வரும். ரிசீவரைக் கேமராவின் மேல், மறைப்பில்லாமல் மாட்டுங்கள்.

ஒலி அளவைத் தானியங்கியில் விடாதீர்கள். பேச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் கேமரா தானாக ஒலியைக் கூட்டி இரைச்சலை மேலே கொண்டுவரும். கையால் அமைத்து, உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். மைக்கின் சுவிட்சைப் போட மறந்ததும், பேட்டரி தீர்ந்ததும், பின் பாதி கழன்றிருப்பதும் ஹெட்போனில்தான் தெரியும். திரையில் தெரியாது.

லைட்: பளிச்சென்று இருந்தால் மட்டும் போதாது

பழைய கல்யாண வீடியோக்களில் சன்கன் லைட் வந்து நிற்கும்போது மணமக்கள் கண்ணைச் சுருக்கி, வியர்த்து வழிந்தது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று எல்இடி வந்து சூடு குறைந்துவிட்டது. ஆனால் லென்ஸுக்கு மேலேயே லைட்டை வைத்து நேராக முகத்தில் அடிக்கும் பழக்கம் மாறவில்லை. முகம் தட்டையாகத் தெரியும், மூக்குக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும், பின்னால் எல்லாம் இருண்டுவிடும். லைட்டிலிருந்து 1 மீட்டரில் இருப்பவரைவிட 3 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஒளி ஒன்பதில் ஒரு பங்குதான். முன்வரிசை வெளுத்து, பின்வரிசை மறைவது இதனால்தான்.

லைட்டைக் கேமராவிலிருந்து எடுத்து, பக்கவாட்டில் சுமார் 45 டிகிரி கோணத்தில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே தனி ஸ்டாண்டில் வையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் பட்டையின் முனையில் மாட்டி, வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். சுவரில் பட்டு வரும் ஒளி மென்மையாக இருக்கும். எல்இடி லைட்டின் முன் பட்டர் பேப்பர் ஒட்டினாலும் கூர்மை குறையும். சூடாகும் பழைய பல்பு லைட்டில் பேப்பர் ஒட்டக் கூடாது, தீப்பிடிக்கும்.

வண்ணத்துக்கு ஒரு குறிப்பு. பகல் ஒளி சுமார் 5600 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 3200 கெல்வின். இரண்டும் கலந்தால் முகம் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும். அறையில் இருக்கும் விளக்குக்கு ஏற்ப உங்கள் லைட்டை அமைத்து, வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் செய்துகொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்றும், பதிவை நொடிக்கு 25 ஃபிரேம் என்றும் வைத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடாது.

மலிவான எல்இடி லைட்டுகள் மைக் கேபிளில் 'கீங்' என்ற சத்தத்தை ஏற்றிவிடும். பட்டையில் மைக்கையும் லைட்டையும் எதிரெதிர் முனைகளில் வைக்கச் சொன்னது இதனால்தான்.

மஜ்லிஸில் பேண வேண்டியவை

பள்ளிவாசலில் எடுக்கும்போது நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உரையாற்றுபவரின் கண்ணிலும், தொழுபவர்கள் மீதும் லைட் அடிக்கக் கூடாது. பெண்கள் பகுதியை, அவர்களே விரும்பிக் கேட்டாலொழிய, கேமரா எட்டிப் பார்க்கக் கூடாது. காலர் மைக் குத்தியவர் தனியே பேசுவதும் பதிவாகும் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். கேபிள்களைத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள், முதியவர்கள் தடுக்கி விழக் கூடாது.

எதை முதலில் வாங்குவது?

ஹெட்போன், பிறகு காலர் மைக், பிறகு பட்டையும் ஸ்டாண்டும், கடைசியில் லைட். ஜன்னலோர வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கும். நல்ல ஒலி அப்படிக் கிடைக்காது.

இவை கல்யாணத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டில் நன்னியும் நன்னாவும் இருந்தால், அவர்களை ஜன்னலோரம் அமர்த்தி, மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் சற்று நேரம் அணைத்து, சாலைப் பக்கக் கதவைச் சாத்தி, காலர் மைக்கைக் குத்திப் பேசச் சொல்லுங்கள். அவர்களின் இளமைக்காலம், ஊர் வந்து சேர்ந்த கதை, உறவு முறைகள் என எதுவாகவும் இருக்கட்டும். பத்து நிமிடம் போதும். நாளை அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அதைக் கேட்கும்போது, இன்ஷா அல்லாஹ், ஒரு சொல்கூட விடுபடாமல் கேட்க வேண்டும்.