மன்னார்ப் பெண்களின் தன்னிறைவு முயற்சிகள்

இலங்கையின் வடமேற்கில் மன்னார்த் தீவிலும் அதையொட்டிய பெருநிலக் கரையிலும், 1990க்குப் பின் ஆயுத அதிகாரத்தின் கீழ் வாழ்ந்த பெண்கள் சேமிப்புக் குழுக்களாகவும் மாதர் சங்கங்களாகவும் காணி மீட்புப் போராட்டங்களாகவும் வளர்த்தெடுத்த முயற்சிகளின் வரலாறு. கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் என மூன்று சமயத்தவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் மாவட்டம் இது.

1990 ஜூனில் அரச படைகளுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகக் கட்டளையிட்டனர். தீவின் எருக்கலம்பிட்டி ஊரில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. தீவின் முஸ்லிம்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் கரையிறங்கினர். வடமாகாணம் முழுவதிலிருந்தும் விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் முகாம்களில் தலைமுறை கண்டனர். தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் மடு தேவாலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்தன. தீவு இராணுவத்திடமும் பெருநிலத்தின் பெரும்பகுதி புலிகளிடமும் இருந்தன. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அனுமதிச் சீட்டு, அதாவது பாஸ், வேண்டும்.

பாஸ் கெடுபிடியின் பாரம் கடைசியில் பெண்கள் தலையில்தான் விழுந்தது. கடலுக்குப் போகும் நேரமும் தூரமும் வரையறுக்கப்பட்டதால் கரைக்கு வரும் மீன் குறைந்தது. மீனைக் கீறிக் குடல் எடுத்து, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, பொழுது சாயுமுன் அள்ளி வைப்பது பெண்களின் வேலை. வலையிலிருந்து நண்டு கழற்றும் கூலியும் அவர்களுடையது. மீன் இல்லாத நாளில் இரண்டும் இல்லை. கைக்கெட்டிய மற்றொரு தொழில் பனையோலை: பெட்டி, பாய், கடகம். கணவன் கொல்லப்பட்ட, பிடித்துச் செல்லப்பட்ட வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தச் சில்லறை வருமானத்தால்தான்.

இந்தச் சூழலில் 1990களின் பிற்பகுதியில் மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியம் உருவாயிற்று. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஷிரீன் ஸரூர். 1990இல் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களில் ஒருவர். தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே அமைப்பில் சேர்த்ததே அதன் பெரிய சாதனை. ஒருவர் சமூகத்தின் பெயரால் மற்றவர் விரட்டப்பட்டுப் பத்தாண்டுகூட ஆகியிராத காலம் அது. சிறு சேமிப்பு, சுழற்சிக் கடன் என்று தொடங்கிய வேலை வீட்டு வன்முறை, காணி உரிமை, காணாமல் ஆக்கப்பட்டோர் என விரிந்தது. கூட்டம் கூடுவதே சந்தேகத்துக்குரிய காரியமாயிருந்த ஊரில், சேமிப்புக் கணக்குப் பார்க்கக் கூடியிருந்த பெண்களுக்கு வேறு துயரங்களைப் பேசவும் வாய் திறந்தது என்பதே இம்முயற்சிகளின் உண்மையான பெறுமதி. அந்தத் துணிவு எத்தனை அவசியமானது என்பதை 2001 மார்ச் காட்டியது: மன்னாரில் கைதான இரு தமிழ்ப் பெண்கள் காவலில் பாலியல் வன்முறைக்குள்ளானதாக எழுந்த முறைப்பாடு, அச்சத்தை மீறி நீதிமன்றம் வரை சென்றது.

2009இல் போர் ஓய்ந்தது; படைமுகாம்கள் அகலவில்லை. முசலிப் பிரிவின் கத்தோலிக்க மீனவக் கிராமமான முள்ளிக்குளத்தின் மக்கள் 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டனர். சில நாட்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு உடைமைகளை வீட்டிலேயே விட்டுப் போனார்கள். ஊரில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் எழுந்தது. திரும்பி வந்தோர் அருகிலுள்ள மலங்காட்டில் கொட்டில் போட்டு இருந்தனர். 2017 மார்ச் 23 அன்று கடற்படை முகாமின் எதிரே தொடர் போராட்டம் தொடங்கிற்று. பெண்களே அதன் முன்வரிசையில் இருந்தனர். வெயிலிலும் இரவிலும் இடத்தைவிட்டு நகராமல் ஐந்து வாரங்களுக்கு மேல் அமர்ந்தார்கள். ஏப்ரல் 29 அன்று கடற்படைத் தளபதி 100 ஏக்கரை விடுவிப்பதாக அறிவித்தார். வீடுகள் பலவும் அப்போதும் கடற்படையிடமே இருந்தன. ஆகவே முள்ளிக்குளத்தை முழு வெற்றி என்று எழுதுவதற்கில்லை. ஆனால் கேட்டுப் பெற்ற அந்த நிலத்தின் பெருமை அந்தப் பெண்களுக்கே உரியது.

காணி கிடைத்தாலும் உறுதி யார் பெயரில் என்பது அடுத்த சிக்கல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணியின் வாரிசு வரிசையில் மகன்மாரை மகள்மாருக்கு முன் வைத்திருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது.

கடனும் உருமாறியது. போருக்குப் பின் நுழைந்த நுண்நிதி நிறுவனங்கள் வீட்டு வாசலிலேயே கடன் கொடுத்து, வாரந்தோறும் வந்து வசூலித்தன. ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கிய குடும்பங்கள் மூழ்கின. 2018இல் அரசாங்கம் வறட்சி தாக்கிய 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யவும் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு வைக்கவும் முன்வந்தது. அந்த உச்சவரம்பே அதிகம். பெண்கள் தாங்களே சேர்த்துத் தங்களுக்குள்ளே கொடுத்து வாங்கிய சுழற்சிக் கடனை இந்த வியாபாரத்தோடு ஒரே பெயரில் அழைப்பது தவறு.

மன்னாரின் முஸ்லிம் பெண்களுக்கு இன்னொரு வழக்கும் மிச்சமிருக்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் பெண்கள் முஸ்லிம் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிபதியாக இடமில்லை. அதைத் திருத்தக் கோரும் வடக்கு, கிழக்குப் பெண்கள் அமைப்புகளின் குரலுக்குக் கொழும்பு இன்னும் செவிசாய்க்கவில்லை.