பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் இந்திய மாலுமிகள்

பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளை லஸ்கர்கள் என்றார்கள். இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது அந்தக் கப்பல்களின் பணியாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் லஸ்கர். மேல்தளத்தில் சாரங்கும் அவருக்குக் கீழே தண்டலும் வேலை வாங்கினார்கள். தண்டல் என்ற சொல் தூத்துக்குடித் தோணிகளில் இன்னும் வழங்குகிறது. அடித்தளத்தில் கொதிகலன் வெக்கையில் கரி அள்ளியவர்களின் பாடுதான் மிகக் கொடியது. டார்பிடோ தாக்கினால் அவர்கள் ஏணியேறித் தப்புவது அரிது.

முதல் உலகப்போரில் போர் சென்னைக்கும் வந்திருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானிய எம்டன் கப்பல் சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் குண்டடிபட்டது. 

வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் சிறு பங்கே லஸ்கருக்குக் கிடைத்தது. படுக்க இடமும் குறைவு. 1939இல் போர் மூண்டதும் பலர் சம்பள உயர்வு கேட்டு பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து சிறை சென்றார்கள். அது நியாயமான கோரிக்கை.

1940 செப்டம்பர் 17 இரவு, குழந்தைகளைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற சிட்டி ஆஃப் பெனாரஸ் அட்லாண்டிக்கில் மூழ்கியது. மெல்லிய பருத்தி உடையில் குளிரில் விறைத்து மாண்டவர்கள் உட்பட நூறு இந்திய மாலுமிகளுக்கு மேல் இறந்தார்கள். ஒரு உயிர்காப்புப் படகு எட்டு நாள் மிதந்து மீட்கப்பட்டது. அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள்.

முதல் உலகப்போரில் இறந்த 896 லஸ்கர்களுக்குக் கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் நினைவுச்சின்னம் உண்டு.